எதிரலையில் படகின் அணியத்தை உயர்த்துவது பற்றி ஒரு திருத்தம்

படகு எதிரலையில் (முன்னிருந்து வரும் அலையில்) ஓடும்போது, பின்புறத்தில் மாட்டிய அவுட்போர்டு எஞ்சினின் டிரிம்மை, அதாவது அதன் சாய்வை, வெளியே தள்ளி அணியத்தை (படகின் முன்முனையை) உயர்த்தினால் குலுக்கல் குறையும் என்று ஒருவர் குறிப்பிட்டுள்ளார். பணிவுடன் சொல்கிறேன், நடப்பது நேர்மாறானது: அலையைக் கிழிக்க வேண்டிய கூரான ‘வி’ வடிவ முன்னடிப்பகுதி நீருக்கு மேலே போய்விடுவதால், அதைவிடத் தட்டையான பின்னடிப்பகுதியே ஒவ்வோர் அலையிலும் அறைந்து விழுகிறது. டிரிம்மைச் சற்று உள்ளிழுத்தால் அணியம் தாழ்ந்து அலையை வெட்டும். வேகத்தைக் குறைத்தாலும் படகு நீர்மேல் சறுக்கும் நிலையை எளிதில் இழக்காது. (பின்னாலிருந்து வரும் அலையில் இப்படிச் செய்யக் கூடாது, அணியம் அலைக்குள் குத்திப் படகு சட்டென்று பக்கவாட்டில் திரும்பிவிடும்.)

இதை யாரும் சோதித்துப் பார்க்கலாம். சிற்றலை மட்டும் உள்ள நாளில், வேகத்தை மாற்றாமல், டிரிம்மை உள்ளிழுக்கும் பொத்தானைச் சிறிது சிறிதாக அழுத்தி, படகின் பக்கவாட்டில் நீர்த்தெறிப்பு கிளம்பும் இடத்தைக் கவனியுங்கள். அது முன்னோக்கி நகர நகர, முதுகுத்தண்டில் ஏறும் இடி குறைவதை உடம்பே சொல்லும்.