நாலு விரல் களிமண்ணுக்கு எதற்குக் காவல்?

போன வாரம் ஸ்டெவ்ன்ஸ் கிளிண்ட் படங்களைக் குடும்பக் குழுவில் போட்டேன். சித்தப்பா உடனே, "ஏம்ப்பா, நம்ம அரியலூர்ல இல்லாத சுண்ணாம்புக் கல்லா?" என்று கேட்டுவிட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

டென்மார்க்கின் சீலாந்துத் தீவில், கோபன்ஹேகனுக்குத் தெற்கே, கடலை ஒட்டிச் சுமார் 15 கிலோமீட்டர் நீளும் செங்குத்துப் பாறை அது. கீழே திருநீறு மாதிரி வெளுத்து, நகத்தால் கீறினாலே உதிரும் சுண்ணம். மேலே கெட்டியான சுண்ணாம்புப் பாறை. நடுவில் நாலு விரல் கனத்தில் கருத்த களிமண். மீன் செதில்கள் கிடைப்பதால் மீன் களிமண் என்கிறார்கள். கீழே இருப்பது டைனோசர்கள் நடமாடிய காலத்துக் கடல்தரை, மேலே இருப்பது அவை அழிந்த பிறகு படிந்தது. அந்தக் கருப்புக் கோட்டுக்கு வயது 6.6 கோடி ஆண்டுகள்.

1970களில் இத்தாலியின் குப்பியோ ஊர் அருகே இதே எல்லைக் களிமண்ணைப் பார்த்த புவியியலாளர் வால்டர் ஆல்வாரெஸுக்கு இருந்த சந்தேகம் ரொம்பச் சின்னது. இது படிய எத்தனை வருஷம் ஆகியிருக்கும்? பூமியின் மேற்பரப்பில் அரிதான, ஆனால் விண்வெளித் தூசியோடு சீராக வந்து விழும் இரிடியம் என்ற உலோகத்தை அளந்தால் கணக்குப் போட்டுவிடலாம் என்றார் அவருடைய அப்பா லூயிஸ், இயற்பியலில் நோபல் வாங்கியவர். வேதியியலாளர்கள் ஃபிராங்க் அசாரோவும் ஹெலன் மிஷெலும் அளந்து பார்த்தால், கணக்கில் எங்கேயும் அடங்காத அளவு, வழக்கத்தைப் போல 30 மடங்கு! இத்தாலியில் மட்டும்தான் இப்படியா என்று ஸ்டெவ்ன்ஸ் களிமண்ணையும் அளந்தார்கள். 160 மடங்கு. 1980இல், விண்கல் மோதித்தான் இந்த அழிவு என்று எழுதினார்கள். மெக்சிகோவின் சிக்சுலூப் பள்ளம்தான் அந்த இடம் என்று 1991இல்தான் துலங்கியது.

அந்தக் களிமண் அதற்கு முன்னாலும் அங்கேதான் இருந்தது. அதைச் சுற்றிக் கல் வெட்டியெடுத்து வீடும் தேவாலயமும் கட்டியிருக்கிறார்கள், ஆராய்ச்சியாளர்களும் வந்து பார்த்துப் போயிருக்கிறார்கள், ஆனால் இரிடியத்தை அளக்க யாருக்கும் தோன்றவில்லை. முழுவதையும் யாராவது வெட்டித் தீர்த்திருந்தால்? என்னைப் பொறுத்தவரை, 2014இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியக் களமாக்கியதற்கு இந்த ஒரு காரணமே போதும். நமக்கு இன்னும் கேட்கத் தெரியாத கேள்விகளுக்கும் அங்கே பதில் இருக்கலாம்.

இன்னொன்று. அலை அடித்து அடித்துக் கரை சரிகிறது, ஹோயெரூப் கிராமத்துப் பழைய தேவாலயத்தின் ஒரு பகுதியே 1928இல் கடலில் விழுந்துவிட்டது. கான்கிரீட் சுவர் எழுப்பக் கூடாதா என்று நானும் முதலில் நினைத்தேன். எழுப்பினால் கோடு மறைந்துவிடும். கடல் அரிப்பதால்தான் பாறையின் புதிய முகம் தெரிந்துகொண்டே இருக்கிறது. சரியட்டும்.

சித்தப்பா, இப்போது அரியலூருக்கு வருகிறேன். கல்லமேட்டில் டைனோசர் எலும்பு கிடைத்திருக்கிறது. நின்னியூர்ப் பக்கத்துப் பாறையோ அந்த அழிவுக்குப் பிறகு கடலில் படிந்தது. அதாவது அந்த இரண்டு காலமும் நம்ம பக்கத்திலும் இருக்கிறது. சிமெண்ட் ஆலைகளால் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டு காலத்துப் பாறையும் தெரிகிற ஓடைக்கரை ஒன்றையாவது அளந்து, வேலி போட்டு, விட்டுவைத்தே ஆக வேண்டும். பொங்கலுக்கு வரும்போது நின்னியூர் வரைக்கும் போய் வரலாம், வண்டியைத் தயாராக வையுங்கள்.