டோல்கினுக்கு முந்தைய மாயக்கதைகளை எந்த வரிசையில் படிப்பது?

"டோல்கினோட லார்ட் ஆஃப் த ரிங்ஸ் முடிச்சாச்சு, அடுத்து என்ன?" என்று கேட்பவர்களுக்கு அண்மையில் வந்த தடித்தடியான தொடர்களைத்தான் எல்லாரும் கைகாட்டுகிறார்கள். பின்னால் போய்ப் படிக்கச் சொல்பவர்கள் குறைவு. அவர்களும் ஆண்டு வரிசையில் பட்டியல் போட்டுக் காரியத்தைக் கெடுத்துவிடுகிறார்கள். ஜார்ஜ் மெக்டொனால்டின் 'ஃபாண்டஸ்டீஸ்' (1858), பிறகு வில்லியம் மோரிஸின் 'த வெல் அட் த வேர்ல்ட்ஸ் எண்ட்' (1896)... மோரிஸ் வேண்டுமென்றே இடைக்கால ஆங்கிலத்தின் சாயலில் எழுதியவர். அந்த நாவலோ நான்கு பாகம். புதிதாக வருபவர் அங்கேயே களைத்து நின்றுவிடுவார். ஆண்டு வரிசை ஆய்வு செய்பவருக்கு உதவும். படிக்க வருபவருக்கு நடை எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும் வரிசைதான் வேண்டும்.

தொடங்க வேண்டிய இடம் டன்சனி பிரபுவின் சிறுகதைகள். அதிலும் 'எ ட்ரீமர்ஸ் டேல்ஸ்' (1910) தொகுப்பிலுள்ள 'ஐடில் டேஸ் ஆன் த யான்'. யான் என்ற ஆற்றில் ஒரு படகு கடலை நோக்கிப் போகிறது; வழியில் ஊர் ஊராக நிற்கிறது. கதை அவ்வளவுதான். பெர்டொண்டாரிஸ் என்ற நகரத்தில் தந்தத்தில் செதுக்கிய பிரம்மாண்டமான வாசல் ஒன்று இருக்கிறது. கதைசொல்லி கிட்டப் போய்ப் பார்க்கிறான். இணைப்பே இல்லை, முழுக்க ஒரே தந்தம்! அந்தத் தந்தத்தை இழந்த மிருகம் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று உறைத்ததும் படகுக்கு ஓடிவிடுகிறான். மிருகம் கடைசிவரை கண்ணில் படுவதில்லை. டன்சனியின் கலை முழுவதும் இந்தச் சொல்லாமல் விடுவதில்தான் இருக்கிறது. இந்தக் கதை உங்களைத் தொடவில்லை என்றால் அவருடைய நாவலுக்குப் போக வேண்டாம்.

தொட்டால் 'த காட்ஸ் ஆஃப் பெகானா' (1905). மெல்லிய புத்தகம். ஒரு தெய்வக் கூட்டத்தையே தன் கற்பனையில் படைத்திருக்கிறார். மூலக் கடவுள் உறங்குகிறார்; ஸ்கார்ல் முரசு கொட்டிக்கொண்டே இருக்கிறான்; கொட்டு நின்றால் கடவுள் விழிப்பார், உலகங்கள் இல்லாமல் போகும். ஆங்கில பைபிளின் ஓசையைப் பிடித்து எழுதிய நடை இது. கண்ணால் மேய்ந்தால் எதுவும் மனதில் நிற்காது. முதல் சில பக்கங்களையாவது வாய்விட்டுப் படியுங்கள்.

அடுத்து ஹோப் மிர்லீஸின் 'லட்-இன்-த-மிஸ்ட்' (1926). இந்த வரிசையில் நான் மிக உறுதியாகச் சிபாரிசு செய்வது இதைத்தான். டோரிமேர் நாட்டில் வியாபாரிகளின் ஆட்சி. பக்கத்திலேயே தேவதை தேசம். அங்கிருந்து கடத்தப்பட்டு வரும் பழத்தைத் தின்றவர்கள் நிலைமாறிப் போகிறார்கள். அந்தப் பழத்தின் பெயரைச் சொல்லவே ஊருக்குக் கூச்சம், அதனால் சட்டத்தில் அதைப் பட்டுத் துணியாகப் பாவித்துத்தான் வழக்கு நடக்கும்! மேயரின் மகனே அந்தப் பழத்தைத் தின்றுவிடுகிறான். பின்னால் ஒரு பழைய கொலை வழக்கும் கிளறப்படுகிறது. துப்பறியும் கதையின் வேகம் இருப்பதால் பழைய நடை உறுத்தாது.

இதற்குப் பிறகுதான் டன்சனியின் 'த கிங் ஆஃப் எல்ஃப்லாண்ட்ஸ் டாட்டர்' (1924). பலர் இதைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். காரணம் இருக்கிறது. மாய தேசத்தின் அரசன் தன் நாட்டையே பின்னுக்கு இழுத்துக்கொள்ள, அந்த அரசனின் மகளான தன் மனைவியைத் தேடி அல்வெரிக் என்பவன் ஆண்டுக்கணக்கில் வெற்று நிலத்தில் அலைகிறான். ஒன்றும் நடக்காத அந்த அத்தியாயங்களைத் தாண்டாதீர்கள். அவன் இழப்பின் அளவு அந்த வெறுமையில்தான் தெரிகிறது. மொத்தம் 34 அத்தியாயங்கள், எல்லாமே சிறியவை. நாளுக்கு இரண்டு மூன்று போதும்.

கடைசியில் இ. ஆர். எடிசனின் 'த வோர்ம் ஓரோபோரோஸ்' (1922). பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத்தின் சாயல், நீள நீளமான வர்ணனை. தொடக்கத்தில் லெஸ்ஸிங்ஹாம் என்றொருவர் கனவில் புதன் கிரகத்துக்குப் போகிறார். சீக்கிரமே கதையிலிருந்து காணாமல் போய்விடுவார், அவரைத் தேட வேண்டாம். அங்குள்ள இனங்களுக்கு டீமன்கள், விட்ச்சுகள் என்று பெயர் இருந்தாலும் எல்லாரும் மனிதர்களைப் போன்ற வீரர்களே. புத்தகத்தின் இறுதியில் நிகழ்ச்சிகளின் ஆண்டுக் குறிப்பு இருக்கும். போர்கள் குழம்பும்போது அதைப் புரட்டிப் பாருங்கள்.

வாங்கும்போது கவனம். பழைய பிரதியை ஸ்கேன் செய்து அச்சடித்த மலிவுப் பதிப்புகளில் எழுத்துப் பிழைகள் மலிந்திருக்கும். டன்சனி புத்தகங்களுக்கு சிட்னி சைம் வரைந்த படங்கள் விடுபட்டிருக்கும். 'த புக் ஆஃப் வொண்டர்' (1912) தொகுப்பில் இது பெரிய நஷ்டம், ஏனென்றால் சைம் முதலில் படம் வரைந்து, டன்சனி அதற்குக் கதை எழுதிய புத்தகம் அது. டன்சனியின் ஆரம்பத் தொகுப்புகள், மெக்டொனால்ட், மோரிஸ் எல்லாம் பதிப்புரிமை முடிந்த நூல்களைத் தரும் குட்டன்பர்க் இணையதளத்தில் இலவசம். பழைய புத்தகக் கடையில் யூனிகார்ன் தலைச் சின்னம் போட்ட பாலன்டைன் பதிப்பகத்தின் பேப்பர்பேக் கிடைத்தால் விடாதீர்கள். லின் கார்ட்டர் 1969 முதல் 1974 வரை தொகுத்த வரிசை அது. மறந்துபோன பல புத்தகங்கள் அதன் வழியாகத்தான் மறுபடி வாசகர் கைக்கு வந்தன.

இவ்வளவும் படித்த பிறகு மோரிஸிடம் திரும்புங்கள். அப்போதும் நான்கு பாக நாவல் வேண்டாம். அளவில் சிறிய 'த வுட் பியாண்ட் த வேர்ல்ட்' (1894) முதலில்.