சித்தி கேட்ட கேள்வி

ராக் கிதார் கலைஞர்கள் எழுதிய தன்வரலாறு எது கண்ணில் பட்டாலும் வாங்கிவிடுவேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே கதைதான். தனிமையான பிள்ளைப் பருவம், கையில் ஒரு கிதார், திடீர்ப் புகழ், போதை, சரிவு, மீட்சி. கதை தெரிந்தும் படிப்பேன். உண்மையைச் சொன்னால், சரிவு அத்தியாயங்களைத்தான் ஆவலாகப் படிப்பேன். ஆள் திருந்தத் தொடங்கியதும் பக்கங்களை வேகமாகத் தள்ளிவிடுவேன்.

எரிக் கிளாப்டன் 2007-இல் எழுதியதையும் முதலில் அப்படித்தான் படித்தேன். படித்த சூட்டில் சித்தியிடம் மொத்தக் கதையையும் சொன்னேன். தாத்தா பாட்டியை அம்மா அப்பா என்றும், பெற்றவளை அக்கா என்றும் நம்பி வளர்ந்த பையன். இருபது வயதைத் தாண்டியதுமே லண்டன் சுவர்களில் ‘கிளாப்டன் கடவுள்’ என்று எழுத வைத்தவன். நண்பர் ஜார்ஜ் ஹாரிசனின் மனைவிமேல் காதல், அதிலிருந்து பிறந்த ‘லைலா’ பாட்டு. அப்புறம் மூன்று வருடம் போல சர்ரேயில் உள்ள பெரிய வீட்டுக்குள் ஹெராயினோடு முடங்கிக் கிடந்தது. ஆலிஸ் என்று ஒரு பெண் கூடவே இருந்தாள் என்றும் போகிற போக்கில் சொன்னேன்.

சித்தப்பா பல வருடம் குடித்துவிட்டு நிறுத்தியவர். சித்தி கிதாரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “அந்தப் பொண்ணு என்ன ஆனா?” என்று மட்டும் கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. அவள் வரும் இடங்களை நான் சரியாகப் படித்திருக்கவே இல்லை. அதனால் இந்த மாதம் புத்தகத்தை மறுபடி எடுத்து, ஆலிஸைத் தேடிக்கொண்டே படித்தேன்.

ஆலிஸ் ஆர்ம்ஸ்பி-கோர், அமெரிக்காவில் பிரிட்டனின் தூதராக இருந்த ஹார்லெக் பிரபுவின் மகள். கிளாப்டனைச் சந்தித்தபோது பதின்வயதுப் பெண். அவர் ஏற்கெனவே உலகம் அறிந்த கலைஞர். வீட்டை விட்டு வெளியே வரவே பயந்த அவருக்காக, ஹெராயின் வாங்க லண்டனுக்குப் போய் வந்தது அவள்தான். கைவசம் குறைவாக இருந்தால் தன் பங்கையும் அவருக்குக் கொடுத்துவிட்டு, வோட்காவைக் குடித்துச் சமாளித்திருக்கிறாள். கிளாப்டன் இதை மறைக்கவில்லை, குற்ற உணர்வோடுதான் எழுதுகிறார். ஆனால் அவர் எழுதுவது தன் கதை. சிகிச்சை முடிந்து 1974-இல் அவர் புது ஆல்பத்தோடு மேடைக்குத் திரும்புகிறார், ஹாரிசனின் மனைவி பேட்டி பாய்ட் வாழ்க்கைக்குள் வருகிறார். ஆலிஸ் பின்னால் போய்விடுகிறாள். வாசகனான நானும் அவரோடு அடுத்த கச்சேரிக்குப் போய்விட்டேன்.

இந்த வகைப் புத்தகங்களில் எனக்குள்ள வருத்தம் இதுதான். பிழைத்தவர்தான் எழுதுகிறார். ‘லைலா’வை உருவாக்கிய, கிளாப்டனின் டெரெக் அண்ட் த டாமினோஸ் குழுவையே பாருங்கள். அந்தப் பதிவில் கூட வாசித்த டுவேன் ஆல்மன் 1971-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் போனார். பாஸ் வாசித்த கார்ல் ரேடில் 1980-இல், குடியும் போதையும் உடம்பைத் தின்ற பிறகு இறந்தார். டிரம்ஸ் வாசித்த ஜிம் கார்டன் 1983-இல், மனநோய் முற்றிய நிலையில், பெற்ற தாயையே கொன்று சிறைக்குப் போனார். ‘போதை இருந்ததால்தானே இப்படிப்பட்ட இசை வந்தது’ என்று சொல்பவர்களிடம் இந்தப் பட்டியலைத்தான் நீட்டத் தோன்றுகிறது.

கிளாப்டனும் சுலபமாகத் தப்பிவிடவில்லை. ஹெராயினை விட்டதும் மதுவைப் பிடித்துக்கொண்டார். மைக் கம்பத்தைப் பக்கத்தில் படுக்கப்போட்டுவிட்டு, மேடையில் படுத்தபடியே ஒரு முழுக் கச்சேரியை வாசித்து முடித்திருக்கிறார். 1976-இல் பர்மிங்ஹாம் மேடையில் குடிபோதையில் குடியேறிகளுக்கு எதிராக அவர் கொட்டிய இனவெறிப் பேச்சு, இனவெறிக்கு எதிரான ராக் இயக்கம் ஒன்று தொடங்கவே காரணமானது. இத்தனைக்கும் அவர் வாழ்நாள் முழுக்க வாசித்தது கறுப்பினத்தவரின் ப்ளூஸ் இசை. அந்த இரவைப் பற்றிப் புத்தகம் சொல்வது எனக்குப் போதவில்லை. ‘குடிதான் பேசியது’ என்ற சமாதானத்தை நான் ஏற்பதில்லை. குடி வாயைத் திறந்துவிடும், அவ்வளவுதான்; உள்ளே இல்லாததைப் பேச வைக்காது. பல வருடம் கழித்து, வெட்கப்படுவதாக அவரே சொன்னார். சரி.

சித்தப்பாவிடம் நான் சொன்னதில் அவர் சிரித்தது தூண்டில் கதைக்குத்தான். போதையில் மீன் பிடிக்கப் போன கிளாப்டன் தடுமாறி விழுந்து, தன் தூண்டில் கழியையே உடைத்துவிடுகிறார். மற்ற மீன்பிடிக்காரர்கள் பார்த்துவிட்ட அவமானம் தாங்கவில்லை. அதற்குப் பிறகுதான் மேலாளரைக் கூப்பிட்டு, தனக்கு உதவி வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறார். ஆயிரக்கணக்கானோர் முன் மேடையில் படுத்தபோது வராத வெட்கம் அங்கே வந்திருக்கிறது. “அப்படித்தான் வரும்” என்றார் சித்தப்பா.

1982-இல் மினசோட்டாவில் உள்ள ஹேசல்டன் மறுவாழ்வு மையத்துக்குப் போகிறார். சில வருடத்தில் மறுபடி குடி. 1987-இல் மறுபடி ஹேசல்டன். அப்போது மகன் கானருக்கு ஒரு வயதுகூட நிறையவில்லையோ, நிறைந்து சில மாதமோ. சிகிச்சைக் காலம் முடியப் போகிறது, உள்ளுக்குள் எதுவும் மாறவில்லை என்று தெரிகிறது. அறையில் தனியாக மண்டியிட்டு உதவி கேட்கிறார். அப்போது நின்ற குடி அதன் பிறகு திரும்பவில்லை. 1991 மார்ச்சில் நான்கு வயது கானர் நியூயார்க்கில் 53-வது மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இறந்த பிறகும்.

அதன் பின், குடியை விட நினைப்பவர்கள் கூடும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம் ஒன்றில், இந்த இழப்பிலும் தான் குடிக்காமல் இருப்பதைப் பற்றிப் பேசுகிறார். முடிந்ததும் ஒரு பெண் வந்து, குடிப்பதற்குத் தன்னிடம் மிச்சமிருந்த கடைசிச் சாக்கையும் அவர் பறித்துவிட்டதாகச் சொல்கிறாள். தன் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆனால் அப்போது குடிக்கலாம் என்று மனதின் ஒரு மூலையில் வைத்திருந்தாளாம். முதல்முறை நான் வேகமாகத் தள்ளிய பக்கங்களில் இருந்தது இது.

1998-இல் ஆன்டிகுவா தீவில் கிராஸ்ரோட்ஸ் என்ற மறுவாழ்வு மையத்தைத் தொடங்கினார். அதற்காகத் தன் கிதார்களை ஏலம் விட்டார். 2004-இல் ‘பிளாக்கி’ என்ற கறுப்பு ஸ்ட்ராடோகாஸ்டர் மட்டுமே 9,59,500 டாலருக்குப் போனது. நல்ல காரியம், சந்தேகமில்லை.

அந்த மையம் திறப்பதற்கு மூன்று வருடம் முன்பு, 1995-இல், ஆலிஸ் அளவுக்கு மீறிய ஹெராயினால் இறந்துபோனாள். நாற்பதுகளின் தொடக்கம்தான்.

போன வாரம் சித்தியிடம் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அவளுக்கு வீட்டுல யாரும் இல்லையா?”

அம்மா 1967-இலும் அப்பா 1985-இலும் கார் விபத்தில் போய்விட்டார்கள் என்றேன்.