அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை

இரண்டு நாளாக அந்தக் கல்சட்டி வீடியோவை எனக்கு அனுப்பாதவர்கள் என்று இனி யாரும் பாக்கியில்லை. பார்த்துவிட்டேன். மூன்று முறை பார்த்தேன். சரஸ்வதி பூஜைக்குப் பரணை ஒதுக்கும்போது கிடைத்த சட்டியாம். அந்தத் தம்பி அதை மாடிக்குக் கொண்டுபோய், கிரைண்டர் மெஷினில் உப்புத்தாள் தட்டை மாட்டி, "மூணு தலைமுறை அழுக்கு" என்று சொல்லிச் சொல்லித் தேய்க்கிறார். சட்டி வெளுத்துப் புதுக்கல் நிறத்துக்கு வந்ததும் ஒரு கழுவு, நேராக கேஸ் அடுப்பு. முழுத் தீயில் சட்டி காய்ந்ததும் பிரிட்ஜ் தண்ணீரை ஊற்றுகிறார், விளிம்பிலிருந்து கீறல் விட்டுச் சட்டி வெடிக்கிறது. வீடியோவுக்குக் கீழே கமெண்ட்டில் அத்தனை பேர் சிரிக்கிறார்கள். "அடியில ஓட்டை போட்டு மணி பிளாண்ட் வைங்க ப்ரோ" என்கிறார் ஒருவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்சட்டிக்குப் பேர்போன சேலத்துக்காரர்களே சிரிப்பதுதான் இன்னும் வலிக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை.

கல்சட்டி செய்வது மாக்கல்லில். மாக்கல் என்பது கற்களிலேயே மெத்தென்ற கல். புதுச் சட்டியை நகத்தால் கீறினாலே வெள்ளைக் கோடு விழும், தொட்டால் விரலில் மாவு ஒட்டும். சிலேட்டில் எழுதிய பலப்பம் கூட இந்த வகைக் கல்தான். அந்தக் கல்லில் விளக்கெண்ணெயும் சோற்றுக் கஞ்சியும் ஊறி, சூட்டில் இறுகி, மறுபடி எண்ணெய், மறுபடி சூடு என்று வருஷக்கணக்கில் ஏறிய படலம்தான் அந்தக் கறுப்பு. கல்லின் நுண்ணிய துளைகளை அடைத்து, குழம்பு உள்ளே இறங்காமலும் அடி பிடிக்காமலும் காப்பது அதுதான். வீட்டுத் தோசைக்கல்லும் இப்படித்தானே பழகுகிறது? தோசைக்கல் கறுப்பாக இருக்கிறது என்று யாராவது மெஷின் போட்டுத் தேய்ப்பார்களா?

"எல்லாக் கறுப்பும் பழக்கிய கறுப்புதானா, கரி கிடையாதா" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உலர்ந்த வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் கறுப்பு வந்தால் அது விறகடுப்புக் கரி. வெளிப்புறத்தில்தான் இருக்கும், தாராளமாகக் கழுவலாம். துணி வெள்ளையாகவே இருந்தால் அது பழக்கிய கறுப்பு, கை வைக்காதீர்கள். பிசுபிசுவென்று ஒட்டி, சிக்கெடுத்த எண்ணெய் வாடை அடித்தால் கடைசியாகத் தடவிய எண்ணெய் அதிகம், சூடு காணவில்லை என்று அர்த்தம். அரிசி மாவைத் தூவித் தேங்காய் நாரால் தேய்த்தால் போய்விடும். கரி பக்குபக்காகப் பெயர்ந்தால் அந்த இடத்தை மட்டும் மரக்கரண்டி முனையால் சுரண்டினால் போதும். இதில் மெஷினுக்கு எங்கே வேலை?

இப்போது அந்தச் சட்டி ஏன் வெடித்தது என்று பார்ப்போம். "கல்சட்டியே வேஸ்ட்" என்று தீர்ப்பு எழுதியவர்கள் இதைப் படித்துவிட்டுப் பேசுங்கள். வீடியோவிலேயே எல்லாம் தெரிகிறது. மெஷின் ஓடிய இடமெல்லாம் சுவர் மெலிந்துவிட்டது, ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் குறைவு. தடிமன் ஒரே மாதிரி இல்லாத கல் ஒரே மாதிரி விரிவடையாது. அடுத்தது, கழுவிய ஈரத்தோடு அடுப்பில் ஏற்றியது. படலம் போன கல் தண்ணீரைக் குடிக்கும், உள்ளே போன ஈரம் சூட்டில் ஆவியாகி வெளியே வர வழி தேடும். மூன்றாவது, முழுத் தீ. விறகு நெருப்பு சட்டியின் அடிவயிறு முழுக்கத் தழுவும். கேஸ் பர்னரோ நடுவில் ஒரு வட்டத்தை மட்டும் தாக்கும். நடு விரிகிறது, விளிம்பு குளிர்ந்தே கிடக்கிறது, கீறல் விளிம்பிலிருந்து இறங்குகிறது. அதுவும் வெறும் சட்டி, உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர்கூட இல்லை! கடைசியாக, காய்ந்த கல்லில் பிரிட்ஜ் தண்ணீரை ஊற்றினார். சட்டி உடையவில்லை தம்பி, உடைக்கப்பட்டது.

பரணிலிருந்து இறக்கிய சட்டியை எழுப்ப ஒரு முறை இருக்கிறது. முதலில் காலியாக உள்ளங்கையில் ஏந்தி, விரல் முட்டியால் தட்டுங்கள். ணங் என்று கேட்டால் சட்டி நன்றாக இருக்கிறது. டொக் என்று அடைத்த சத்தம் வந்தால் எங்கோ மயிரிழைக் கீறல் விட்டிருக்கிறது. சந்தேகமாக இருந்தால் தண்ணீரை நிரப்பி ஒரு ராத்திரி செய்தித்தாள் மேல் வையுங்கள், காலையில் தாள் சொல்லிவிடும். கீறல் இல்லையென்றால் வெறும் தண்ணீரில் கழுவி, 2 நாள் நிழலில் காய வையுங்கள். பிறகு உள்ளும் புறமும் விளக்கெண்ணெயில் மஞ்சள்தூளைக் குழைத்து மெல்லிசாகத் தடவி ஒரு நாள் விடுங்கள். மறுநாள் வடித்த கஞ்சியை வெதுவெதுப்பாக ஊற்றி, ஆறும்வரை வைத்துக் கொட்டுங்கள். தினம் ஒரு முறை, 3 நாள். புதுச் சட்டியென்றால் எண்ணெய்க்கே 3 நாள், கஞ்சிக்கு 5 முதல் 7 நாள். அதற்கப்புறம்தான் அடுப்பு. முக்கால் சட்டி கஞ்சித் தண்ணீரோடு சிம்மில் வைத்து, 10 நிமிஷம் கழித்துத் தீயைக் கொஞ்சம் ஏற்றி, கொதி வந்ததும் அணைத்து, அடுப்பிலேயே ஆற விடுங்கள். இறக்கினால் வைக்கோல் பிரியில் சுற்றிய பிரிமணை வளையத்தின் மேல்தான், ஈரமான கிரானைட் மேடையில் வைத்தால் அடியில் கீறல் நிச்சயம். கழுவ இரும்பு நார் வேண்டாம், சோப்பும் வேண்டாம். கல் சோப்பைக் குடித்து மறுநாள் ரசத்தில் கக்கும். சீயக்காய்த்தூள் போதும்.

இந்தப் பருவத்தில் இதெல்லாம் நடந்ததுதான் தாங்கவில்லை. கல்சட்டியின் காலமே இப்போதுதான் வருகிறது. ஐப்பசி மழை விட்ட காலையில் சேலம் கோரிமேடு பக்கம் நின்று பாருங்கள், சேர்வராயன் மலையில் மேகம் பஞ்சைப் பிய்த்துப் போட்டாற்போல் ஒட்டிக்கொண்டிருக்கும். ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவிலும் ஓரமெல்லாம் பச்சை. வேலிப்புதரில் செங்காந்தள் ஏறி நிற்கும், மேலே காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கும், சில்வர் ஓக் இலையிலிருந்து மழை விட்ட பின்பும் அரை மணி நேரம் சொட்டும். அந்தக் குளிரில் சுண்டைக்காய் வற்றல் குழம்பைக் கல்சட்டியில் வைத்து, முக்கால் பதத்திலேயே அடுப்பை அணைத்துவிட வேண்டும். மீதியைக் கல் பார்த்துக்கொள்ளும். அணைத்த பிறகும் 5 நிமிஷத்துக்கு மேல் தளதளவென்று கொதிக்கும், சாப்பிட உட்காரும்போதும் ஆவி பறக்கும். புளிக்கு மாக்கல் அசையாது. பித்தளை, செம்பு மாதிரி ஈயம் பூச வேண்டியதில்லை, களிம்பும் ஏறாது. கார்த்திகையில் நெல்லிக்காய் வந்தால் ஊறுகாய்க்கு இதைவிட நல்ல பாத்திரம் கிடையாது.

மழைக்காலத்தில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. எண்ணெய் தடவிய சட்டியை மூடி போட்டு வைத்தால் 4 நாளில் பூஞ்சை பூக்கும். பார்த்ததும் பதறித் தேய்க்காதீர்கள். துடைத்துவிட்டு, அரிசி களைந்த தண்ணீரை ஊற்றிச் சிம்மில் கொதிக்க வைத்து ஆற விட்டுத் துடைத்தால் சரி. வெயில் இல்லையென்றால் அடுப்பங்கரை மேடை ஓரத்திலேயே திறந்து வையுங்கள்.

"வேலைக்குப் போறவங்களுக்கு இதுக்கெல்லாம் நேரம் ஏது" என்பீர்கள். பழைய சட்டியைப் பழக்க ஒரு வாரம் ஆகும், அந்த வாரத்தில் நீங்கள் செலவழிப்பது நாளுக்கு 10 நிமிஷம். அவ்வளவுதான். இன்டக்ஷன் அடுப்பு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இது ஆகாது, ஒப்புக்கொள்கிறேன்.

"கல்சட்டி பெருமை பேசுறவங்க ஒருத்தராவது அதைத் தூக்கியிருக்கீங்களா, பொம்பளைங்க முதுகு உடைஞ்சது தெரியுமா" என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறார். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கனம்தான். குழம்போடு சேர்த்துப் பெரிய சட்டியை இறக்குவது சும்மா இல்லை. ஆனால் அக்கா, அதனால்தான் கேட்கிறேன், அத்தனை கனத்தையும் தூக்கி, கஞ்சி ஊற்றி, எண்ணெய் தடவி ஒரு அம்மா ஏற்றிய கறுப்பு அது. சட்டியைக் கொத்தியவர் ஒருவர், கறுப்பை ஏற்றியவர் அந்த அம்மா. பாதி வேலை அவருடையது. அதை அழுக்கு என்று சொல்லித் தேய்த்தால் யாருடைய உழைப்பைத் தேய்க்கிறோம்? வாழ்நாள் முழுக்க அடுப்படியில் நின்றதற்கு அவர் விட்டுப்போன ஒரே கையெழுத்து அது என்றால், அதைக் கேமரா முன்னால் வைத்து அரைக்கலாமா? இனித் தூக்குகிற வேலையை வீட்டு ஆண்கள் செய்யட்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. அரைக்காதீர்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

மலையில் ஒரு விடுதி வாசலில் படிக்கு ஒன்றாகக் கல்சட்டி வைத்து, அடியில் துளை போட்டுச் செடி நட்டிருக்கிறார்கள். எல்லாம் பழகிய சட்டிகள், உள்ளே கறுப்பு மின்னுகிறது. வெளியூர்க்காரர்கள் "சேலத்துக் கல்சட்டி" என்று பெயர் சொல்லித் தேடி வாங்கிப் போகும் பொருள், இங்கே தொட்டியாக நிற்கிறது. கல் கொத்துகிறவரிடம் 50 ரூபாய்க்குப் பேரம் பேசிவிட்டு, பீங்கான் தொட்டிக்குக் கேட்ட விலையைக் கொடுப்பவர்களிடம் நான் என்ன சொல்ல?

அந்த வீடியோத் தம்பிக்கு: உங்கள் மேல் எனக்குக் கோபம் தணிந்துவிட்டது. உங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கீறல் விளிம்பிலிருந்து பாதிவரைதான் இறங்கியிருக்கிறது, அடி முழுசாக இருக்கிறது, வீடியோவில் பார்த்தேன். எம்-சீல் பசை வைத்து ஒட்டி மறுபடி அடுப்பில் ஏற்றாதீர்கள், சூட்டில் விட்டுவிடும். ஓட்டையும் போடாதீர்கள். வாயைச் சுற்றிச் செப்புக் கம்பியை இரண்டு சுற்று இறுக்கி முறுக்கி, அடுப்பிலிருந்து தள்ளி ஒரு மூலையில் வைத்து, உள்ளே புளியைப் போட்டு வையுங்கள். உட்புற அடியில், மெஷின் எட்டாத வளைவில், இன்னும் கொஞ்சம் கறுப்பு இருக்கிறது. அதை மட்டும் தொடாதீர்கள்.