ஊருக்கு வளைவா, ஊரணிக்கு வாய்க்காலா

ரெண்டு நாளா செட்டிநாட்டுல இருக்க எங்க ஊர் வாட்ஸப் குரூப்ல ஒரே சண்டை. ஊர் எல்லையில நுழைவு வளைவு கட்டணும், ஊர் பேரை பெரிய பெரிய எழுத்தா வச்சு லைட் போடணும், அதுக்கு வசூல் பண்ணணும்னு பேச்சு. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், தெருக்கோடி ஊரணிக்கு, அதான் நம்ம குளத்துக்கு, தண்ணி வர்ற வரத்துக்கால் மூணு வருசமா அடைஞ்சு கெடக்கே, அந்த வசூலை அதுக்குப் பண்ணலாமேன்னு. "உனக்கு ஊர் மேல பெருமையே இல்லப்பா"ன்னு ஒருத்தர் போட்டுட்டாரு. ராத்திரி தூக்கம் வரல, அதான் இங்க எழுதுறேன்.

பெருமை எனக்கும் உண்டு. 2014ல செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியல்ல சேர்த்தப்ப பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டு திரிஞ்சவன் நான். 1928ல நகராட்சியான காரைக்குடி 2024ல மாநகராட்சி ஆனப்பவும் சந்தோஷம்தான். ஆனா அதோட சேர்ந்த கிராமத்துல இருக்க எங்க சொந்தக்காரங்க என்கிட்ட கேட்டது வீட்டு வரி ஏறுமா, நூறு நாள் வேலை போயிருமான்னுதான். அவங்களுக்கு அன்னைக்கு தேவைப்பட்ட பதில் அது.

இந்த சீமைக்கு வத்தாத ஆறுன்னு ஒண்ணு கெடையாது. செம்மண்ணு, வானம் பார்த்த பூமி. அதனால நம்ம பழைய வீடுகளைக் கட்டினவங்க மழையை நெனச்சுதான் கட்டியிருக்காங்க. நாலு பக்க ஓட்டுச் சரிவும் முற்றத்துப் பக்கம் எறங்கும், மூலைக்கு மூலை அண்டா வச்சுப் புடிச்சது போக மிச்சம் கல்லு பாவுன கால்வாயில ஓடி கெணத்துக்கோ தெருவுக்கோ போகும், தெருவுல வாட்டம் பார்த்து போட்ட வாய்க்கால் வழியா ஊரணிக்கு, அந்த ஊரணி நெறஞ்சா அடுத்த ஊரணிக்கு. குடிக்கிற ஊரணி வேற, குளிக்கிற ஊரணி வேற. குடிக்கிற ஊரணியில காலை நனைக்க விட மாட்டாங்கன்னு எங்க அப்பத்தா சொல்லும். கொண்டாந்த தண்ணியில தேத்தாங்கொட்டையை ஒரைச்சு விட்டு தெளிய வச்சு குடிச்சிருக்காங்க.

பர்மாவுலயும் மலேயாவுலயும் சம்பாதிச்சு வந்தவங்க பர்மா தேக்குத் தூணு, பெல்ஜியம் கண்ணாடின்னு பெருமைக்கு செலவு பண்ணாங்க, நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அதே காசுல ஊரணியும் வெட்டி, படித்துறைக்கு கல்லும் போட்டாங்க. யுனெஸ்கோவுக்கு அனுப்புன விவரத்துலயே மாளிகையோட இந்த மழைநீர் அமைப்பும் இருக்கு. அப்ப வரத்துக்காலை தூர்ந்து போக விட்டுட்டு எந்தப் பெருமையை நாம வளைவுல எழுதப் போறோம்?

போன வருசம் ஒரு வெளிநாட்டு ஜோடி வந்தாங்க. எங்க வீட்டு முற்றத்தை படம் புடிச்சுட்டு, இந்தத் தண்ணி எங்க போகும்னு கேட்டாங்க. ஆசையா வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போய் காட்டுனேன். வாய்க்கால் தொறந்திருந்த எடத்துல பாலித்தீன் பையும் சாக்கடையும் தேங்கி நின்னுச்சு. அந்தம்மா கேமராவை கீழ எறக்கிட்டாங்க. எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு.

பேரு வந்தா காசு வரும், காசு வந்தா எல்லாம் சரியாகும்னு சிங்கப்பூர்ல இருக்க நண்பன் சொல்றான், நம்ம வள்ளல் அழகப்பச் செட்டியாரை உதாரணம் காட்டுறான். சரிதான், வள்ளல் 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்துதான் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் காரைக்குடிக்கு வந்துச்சு, 1948ல நேரு வந்து அடிக்கல் நாட்டுனாரு. ஆனா அவரு குடுத்த காசு, பிள்ளைங்க படிக்கிற எடமாவும் ஆளுங்க வேலைக்குப் போற எடமாவும் நின்னுச்சு, ஊருக்குப் பேரு அதுக்குப் பின்னாடி தானா வந்துச்சு. வளைவுக்கு அடியில யாரு படிப்பா, எந்த வீட்டுக்கு தண்ணி வரும்?

இன்னொண்ணு, முக்கால்வாசி பெரிய வீடு பூட்டிக் கெடக்கு. கல்யாணத்துக்கும் முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கும் வந்து போறவங்க கண்ணுக்கு வளைவுதான் முதல்ல தெரியும், அவங்க ஆசை புரியுது. தெனம் இங்க கொடம் தூக்குறவங்க, லாரி தண்ணிக்கு காத்து நிக்கிறவங்க குரூப்லயே இல்ல. அவங்களையும் கேட்டுட்டு முடிவு பண்ணுங்கண்ணே.

ஐப்பசி மழைக்கு முன்னாடி வரத்துக்காலை மட்டும் தோண்டி விட்டுருவோம். ஜேசிபி வாடகையில என் பங்கை இன்னைக்கே தர்றேன். வளைவைப் பத்தி தை மாசம் உக்காந்து பேசுவோம்.