கீடோ பைத்தானை விட்டுப் போகவில்லை

பைத்தான் நிரல்மொழியை உருவாக்கியவர் கீடோ வான் ரோசம். "2018-இல் கீடோ பைத்தானை விட்டே விலகிவிட்டார், அதன்பின் வந்த எதிலும் அவருக்குப் பங்கில்லை" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். பலர் அதையே திருப்பிச் சொல்வதால் ஒரு சின்னத் திருத்தம்.

2018 ஜூலை 12 அன்று அவர் விட்டது இறுதி முடிவெடுக்கும் பொறுப்பை மட்டும்தான். பைத்தானில் மாற்றம் கோரும் முன்மொழிவு ஆவணத்துக்குப் பெப் (PEP) என்று பெயர். பெப் 572, அதாவது வால்ரஸ் குறி (:=) பற்றிய சண்டையில் மனிதர் களைத்துப் போயிருந்தார். அந்த அறிவிப்பிலேயே, பைத்தானை உருவாக்கும் மையக் குழுவில் ஒரு சாதாரண நிரலாளராகக் கொஞ்ச காலம் தொடர்வேன் என்றும் சொன்னார். அவருக்குப் பதிலாக முடிவெடுக்கும் வழிகாட்டுக் குழுவுக்கு 2019 தொடக்கத்தில் நடந்த முதல் தேர்தலில் வென்ற ஐவரில் அவரும் ஒருவர். அடுத்த தேர்தலில் நிற்கவில்லை, அது வேறு விஷயம்.

நிரல் எழுதுவதை விட்டாரா என்றால், அதுவும் இல்லை. பைத்தான் 3.9-இல் பழைய பார்சருக்கு (நிரலைப் படித்து அதன் அமைப்பைப் பிரித்தறியும் பகுதி) பதிலாகப் புதியது வந்ததே, அதற்கான பெப் 617-ஐ எழுதிய மூவரில் முதல் பெயர் அவருடையது. 3.10-இல் வந்த, ஒரு மதிப்பின் வடிவத்தைப் பொறுத்து வழி பிரிக்கும் 'மேட்ச்' கூற்றுக்கான பெப் 634-இலும் அவர் பெயர் இருக்கிறது.

சரிபார்க்க இரண்டு நிமிடம் போதும். பைத்தானின் அதிகாரபூர்வத் தளத்தில் பெப் 617-ஐத் திறந்து, தலைப்புக்குக் கீழே ஆசிரியர் வரியையும் தேதியையும் பாருங்கள்: மார்ச் 2020. தேர்தல் முடிவு பெப் 8100-இல் இருக்கிறது.