உடையைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்

நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நவீன நடனம் அமைக்கிற பிள்ளைகளுக்கு இது. ஆட்டம் எல்லாம் முடிந்தபின் டெய்லரிடம் ஓடுகிறீர்கள். தவறு. கதை பேசுகிற முதல் நாளே துணியும் பேச வேண்டும்.

சண்டையில் இறந்த வீரனுக்கு நட்ட நடுகல்லையே கதையாக எடுத்துக்கொள்வோம். தருமபுரி அருங்காட்சியகத்தில் அவற்றின் முன் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கதை இதுதான்: ஆநிரையை, அதாவது மாட்டு மந்தையை, கவர்ந்தார்கள், மீட்கப் போனவன் பட்டான். இதை 20 நிமிடமாக்க எல்லோரும் சண்டையைத்தான் நீட்டுகிறார்கள். மூன்று நிமிடம் தாண்டினால் எல்லா வெட்டும் ஒன்றுபோலத் தெரியும். நடனத்துக்கான வேலை இறப்புக்குப் பிறகுதான் இருக்கிறது. கல்லைத் தேர்வது, கொண்டுவருவது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது என்று தொல்காப்பியம் ஆறு படி சொல்கிறது. ஆறு காட்சிகள் தயாராகவே கிடக்கின்றன! பின்னணிக் குரலில் கதை சொல்லத் தேவையே இல்லை.

உடைக்கு வருவோம். கூத்தின் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் அப்படியே மாட்டாதீர்கள். நின்று, சுழன்று ஆடுவதற்கான அணி அது. அதோடு தரையில் உருள முடியாது. ஒரே ஒரு எட்டு முழ வேட்டி போதும். முறுக்கினால் மாட்டுக் கயிறு, போர்த்தினால் பிணத்துணி, ஒருவர்மேல் இழுத்து மூடினால் கல். மெல்லிய மல் துணி மிதந்து மிதந்து இறங்கும், கல்லின் கனம் வராது. காடாத்துணி வாங்குங்கள். பாலியஸ்டர் கால் பட்டால் வழுக்கும்.

கல்லின் நிறம் என்று வெறும் சாம்பல் எடுத்தால் அக்குளிலும் முதுகிலும் வியர்வை திட்டுத்திட்டாகத் தெரியும். திட்டாகவே சாயமேற்றிவிடுங்கள், வியர்வை அதில் கலந்துவிடும். சிவப்புத் துணி நீல விளக்கில் கறுப்பாகிவிடும். ரத்தத்துக்குச் சிவப்பு வைப்பவர்கள் முதலில் விளக்குக்காரரிடம் பேசுங்கள்.

பருத்தியை வெட்டுமுன் நனைத்துக் காயப்போடுங்கள். இல்லாவிட்டால் 40 அங்குலக் கால்சட்டை முதல் துவைப்பிலேயே ஒன்றரை அங்குலம் ஏறலாம். கையைத் தூக்கினால் சட்டை முழுக்க மேலே வருகிறதா? அக்குள் வெட்டு தாழ்ந்திருக்கிறது. அதை உயர்த்தி, நாலு அங்குலச் சாய்சதுரத் துண்டு வையுங்கள். கவட்டிலும் அதேபோல ஒன்று, இல்லையென்றால் ஆழ்ந்து உட்காரும்போது தையல் பிரியும். இழுபடும் துணிக்கு நேர்த்தையல் கூடாது. நூல் அறுந்துவிடும், ஜிக்ஜாக் போடச் சொல்லுங்கள். ஊக்கு வேண்டவே வேண்டாம், உருளும்போது குத்தும். நாடா வைத்துக் கட்டுங்கள். மேடையில் போடப்போகும் அதே துணியோடு குறைந்தது பத்து ஒத்திகை பாருங்கள், வேட்டியை மிதித்து விழுகிற இடம் அப்போதுதான் தெரியும்.